சூடம் எரிந்த பக்கம்

கடல் ஏறி வந்த பிறகு, இருகரைவாயிலில் வெள்ளத்துக்கு வழி சொல்லும் பொறுப்பை மனிதர்கள் தம் தோளிலிருந்து இறக்கி ஓர் இரைச்சலின் மேல் வைத்தார்கள். புயல் எழும் காலத்தில் மேலிருந்து வரும் ஆற்றுநீரும் கீழிருந்து ஏறும் கடல்நீரும் கழிமுகத்துத் தடுப்பணையில் முட்டி நிற்கும். வடமதகைத் திறந்தால் வடகரை முழுகும். தென்மதகைத் திறந்தால் தென்கரை முழுகும். இரண்டையும் அடைத்து வைத்தால் அணை உடைந்து, இரு கரைகளோடு மேலே உள்ள நகரமும் மருத்துவமனையும் சேர்ந்து போகும். எந்த அமைச்சரும் எந்த நீதிபதியும் அந்தக் கையெழுத்தைப் போட முன்வரவில்லை. ஆகவே சீட்டுச் சட்டம் வந்தது.

கழிமுகத்தின் நடுத்திட்டில் கருங்கல்லால் ஒரு மண்டபம் எழுப்பி, அதன் நடுவே ஒரு படிகப் பெட்டியை நிறுத்தினார்கள். பெட்டிக்குள் மயிரிழையினும் மெல்லிய ஒரு கம்பி. சூடுள்ள எந்தப் பொருளிலும் மின்துகள்கள் ஓயாமல் துடிக்கும். அந்தத் துடிப்பு கோடிட்ட அளவுகோலின் மேல் ஒரு முள்ளை அசைக்கும். விசையை அழுத்திய கணத்தில் முள் வலப்பக்கம் நின்றால் வடமதகு, இடப்பக்கம் நின்றால் தென்மதகு. அவ்வளவே சீட்டு. அந்த இரைச்சலுக்கு உறவில்லை, பகையில்லை, நேற்று என்ன சொன்னோம் என்ற நினைவும் இல்லை. பூக்கட்டிப் பார்த்துத் திருமணம் முடித்துப் பழகிய மக்கள் அந்தப் பெட்டிக்குத் திருவுளம் என்று பெயரிட்டு, ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். சூடம் காட்டாமல் எடுத்த சீட்டு செல்லாது. இரு கரையாரும் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் ஏழாம் விதி அது. சட்டம் எழுதியவர்கள் தமக்குள் சிரித்துக்கொண்டு அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பெட்டியின் காப்பாளர் மங்கையர்க்கரசி. இயற்பியல் கற்றவள்; விடியலில் நீராடிப் பதிகம் ஓதாமல் மண்டபத்துக்குள் கால் வைக்காதவள். அவள் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. உலகில் மனிதனின் கை எட்டாத இடம் ஏதேனும் உண்டென்றால் அது இந்த இரைச்சல்தான் என்று அவள் உறுதியாக நம்பினாள். மனிதனின் கை எட்டாத இடத்தில் வேறு யாருடைய கை இருக்க முடியும்? ஆண்டுக்கொன்றாகப் பத்தொன்பது சீட்டுகளுக்கும் அந்த நம்பிக்கையோடுதான் காவல் நின்றிருந்தாள்.

இருபதாவது சீட்டு நாளன்று காலை பத்து மணிக்கு மண்டபத்தின் தெற்குச் சன்னலில் கல் விழுந்தது.

கண்ணாடி உடைந்து உள்ளே சிதறியது. தென்கரையிலிருந்து படகுகளில் வந்திறங்கிய கூட்டத்தைக் காவலர்கள் மூங்கில் தடுப்புக்கு அப்பால் நெருக்கிப் பிடித்திருந்தார்கள்.

"ஏ பொட்டியம்மா! வெளிய வாடி! ஒன் பொட்டியத் தூக்கி ஆத்துல வீசுறோமா இல்லியா பாரு!"

உள்ளே மூவர் இருந்தனர். மங்கையர்க்கரசி, நீதிமன்றம் அனுப்பிய கணக்காய்வாளன் நூருல் அமீன், வழக்குத் தொடுத்தவளும் தென்கரையின் சாட்சியுமான அஞ்சலாட்சி. கரைக்கு ஒருவராக இரண்டு சாட்சிகள் நிற்கலாம் என்பது விதி. வடகரையார் ஆள் அனுப்புவதை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. வந்து பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

"பதினாறு தடவை," என்றாள் அஞ்சலாட்சி. அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்; அவள் உட்காரவில்லை. "பத்தொம்பது சீட்டுல பதினாறு எங்க பக்கம். வெள்ளம் வந்த மூணாம் நாளு என் வீட்டுக்காரரு பொணத்த முள்ளுவேலியிலேருந்து பிச்சு எடுத்தோம். கெணறு மூணு வருசமா உப்பு. சனமெல்லாம் மூட்டையக் கட்டி வச்சிருக்கு பாய். இன்னைக்கும் எங்க பக்கம் வந்துச்சுன்னா இனிமே தென்கரைன்னு ஒரு ஊரு கெடையாது. அந்தப் பொட்டிக்கு எங்க மேல என்ன காண்டு? அதக் கேளுங்க."

"பெட்டிக்கு யார் மேலயும் எதுவும் கிடையாதும்மா," என்றாள் மங்கையர்க்கரசி.

"ஒனக்கு இருக்கும்ல? ஒன் வீடு வடகரையிலதான இருக்கு?"

"என் வீடும் மூணு தடவை முழுகியிருக்கு."

"மூணு! எண்ணி வச்சிருக்கா பாருங்க பாய். அடேங்கப்பா, மூணு!"

நூருல் அமீன் மேசையைத் தட்டினான். "சண்டைய நாளைக்கு வச்சுக்குங்க. பன்னெண்டு மணிக்குச் சீட்டு. மதகு முழுசாத் தொறக்க மூணு மணி நேரம். அலை நாலு மணிக்கு ஏறிடும்." பிறகு அவன் மங்கையர்க்கரசியின் பக்கம் திரும்பினான். அவனுடைய குரலில் மரியாதை இருந்தது, கனிவு இல்லை. "நான் இங்க வந்தது உங்களத் திருடின்னு எழுதுறதுக்கு, மேடம். நாலு நாளாத் தேடுறேன். கெடைக்கல. அதுதான் எனக்கு எரியுது."

"இல்லாதது எப்படிக் கெடைக்கும்?"

"பத்தொம்பதுக்குப் பதினாறு. தானா அப்படி அமைய நானூத்தம்பதுல ஒரு வாய்ப்பு. அமையலாம். ஆனா வருசா வருசம் நீங்க பண்ற சோதனை இருக்கே, நாப்பது லட்சம் தடவை முள்ளப் படிச்சு வச்சிருக்கீங்க. அதுல வடக்கும் தெக்கும் நூல் புடிச்ச மாதிரி சரிபாதி. பெட்டி யோக்கியம். சீட்டு அன்னைக்கு மட்டும் அதுக்கு என்ன வந்துடுது?"

அவன் ஒரு தாளை நகர்த்தி வைத்தான். "இன்னொண்ணு. சோதனையில முள் ஒருதரம்கூட ஆறு கோட்டத் தாண்டினதில்ல. சீட்டு அன்னைக்குப் பாருங்க. எட்டு. ஒம்பது. போன வருசம் பதினொண்ணு."

மங்கையர்க்கரசிக்கு அது புதிய செய்தியன்று. அந்தப் பெரிய வீச்சுகளை அவள் தனியாகக் குறித்து வைத்திருந்தாள். ஓதி முடித்த காலைகளில் அவற்றை நினைத்து நெஞ்சு நெகிழ்ந்ததும் உண்டு.

"சோதனை நாள்ல அவன் எதுக்குப் பேசணும்? நெசமான நாள்ல சத்தமாச் சொல்றான். அதுல என்ன குத்தம்?"

"எவன்?"

அவள் பெட்டியைக் காட்டவில்லை. கண்கள் மட்டும் மேலே போய் வந்தன.

அஞ்சலாட்சி காறி, துப்புவதற்கு இடமில்லாமல் விழுங்கிக்கொண்டாள். "சத்தமாச் சொல்லி எங்களச் சாவடிக்கிறானாக்கும்."

பதினொன்று அடிக்கச் சற்று முன் மங்கையர்க்கரசி எழுந்து கைகால் கழுவி வந்தாள். வெளியே கூச்சல் ஓங்கிக்கொண்டிருந்தது. அவள் நடையில் தளர்வு தெரியவில்லை. சுவர்மாடத்திலிருந்து பித்தளைத் தட்டை எடுத்தாள். டப்பாவைத் திறந்து சூடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டி கிழக்கு நோக்கி இருந்தது. அவள் மேற்கு நோக்கி நின்றாள். தட்டை மும்முறை சுற்றிக் காட்டிவிட்டு வைப்பதற்கென்று பெட்டியின் வடபுறம் ஒரு சாண் தொலைவில் ஒரு கல்பீடம் இருந்தது. வலக்கைக்கு எட்டுகிற பக்கம் அது. சூடம் காட்டிய தட்டைத் தரையில் வைக்கலாகாது. பீடத்தில் வைத்துவிட்டு, தீ எரிந்துகொண்டிருக்கும்போதே விசையை அழுத்துவது பத்தொன்பது ஆண்டு வழக்கம்.

நூருல் அமீன் சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். "நாப்பது லட்சம் தடவையும் இதே கூத்துதானா? சூடத்துக்கே அரசாங்கம் தனியா நிதி ஒதுக்கணுமே."

"சோதனைக்கு யார் சார் சூடம் ஏத்துவாங்க? அது வெறும் சோதனை."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லி முடித்து டப்பாவை மூடிய பிறகு நிமிர்ந்து பார்த்தாள். நூருல் அமீன் எழுந்து நின்றிருந்தான்.

"என்ன சொன்னீங்க?"

அவள் டப்பாவை மாடத்தில் வைத்தாள்.

"வடக்கே விழுந்த அந்த மூணு சீட்டு," என்றான் அவன், மெதுவாக. "நாலாவது, ஒம்பதாவது, பதினாலாவது. அன்னைக்கு என்ன நடந்துச்சு? பதிவேட்ட எடுக்காதீங்க. நெனச்சுச் சொல்லுங்க."

நினைவுக்கு எளிதில் வந்தது. "நாலாவதப்போ எங்க மாமனார் தவறிப் பத்து நாள்கூட ஆகல. தீட்டு. நான் வாசல்லயே நின்னுட்டேன். உதவியாளர்தான் விசைய அழுத்தினார். அவருக்குச் சூடம் காட்டுற முறை தெரியாது. அப்ப ரெண்டு கரையும் பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுத்தாங்க."

"ஒம்பதாவது?"

"படகுல வரும்போது மழை. சூடம் நனைஞ்சு போச்சு. தட்டைச் சுத்தினேன், தீ புடிக்கல. நேரம் ஆயிடுச்சு."

"பதினாலாவது?"

"அன்னைக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் முறைப்படி நடந்தது."

"அது போகட்டும். எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருந்துட்டா அப்புறம் அது இரைச்சலே இல்ல." அவன் தன் பையிலிருந்து இரண்டு பாதரச வெப்பமானிகளை எடுத்தான். மின்கருவி எதையும் மண்டபத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் அவனிடம் இருந்தவை அவைதாம். பெட்டியின் இரு புறமும் நூலால் கட்டித் தொங்கவிட்டான். "ஏத்துங்க."

"இது சீட்டு இல்லியே. விளையாட்டுக்கா ஏத்துவாங்க?"

"ஏத்துங்க மேடம்!"

அவள் ஏற்றினாள். வழக்கம்போலச் சுற்றிக் காட்டி, வழக்கம்போல வலப்பக்கத்துப் பீடத்தில் வைத்தாள். நூருல் அமீன் விசையை அழுத்தத் தொடங்கினான். அழுத்தி அழுத்திக் குறித்தான். ஒரு வில்லை எரிந்து முடிந்தால் அடுத்த வில்லை. ஐந்து வில்லைகள் எரிந்து முடிவதற்குள் இருநூறு முறை அழுத்திவிட்டான். வடக்கு வெப்பமானியின் பாதரசம் தெற்கைவிட ஒரு நெல்மணி அளவு உயரே நின்றது. தீ ஆட, அதுவும் ஏறி இறங்கியது.

இருநூற்றில் நூற்று அறுபத்தாறு தெற்கு. முள் நான்கு முறை பத்துக் கோட்டைத் தாண்டியது.

மங்கையர்க்கரசி தாளைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழக்கமான அந்த உரத்த குரல், சீட்டே இல்லாத வேளையில், வெறும் எண்ணிக்கைக்காக, மீண்டும் மீண்டும் பேசியது.

"தேருக்கு முன்னாடி கூட்டம் நிக்குது," என்றான் நூருல் அமீன். "எல்லாரும் எல்லாரையும் இடிக்கிறான். யாரும் வேணும்னு தள்ளல. அதனால மொத்தக் கூட்டம் நின்ன எடத்துலயே நிக்குது. கம்பி முழுக்க ஒரே சூடா இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற துகளும் அப்படித்தான். திடீர்னு ஒரு ஓரத்துல மட்டும் தூத்தல் போடுது. என்ன ஆவும்?"

பதில் அஞ்சலாட்சியிடமிருந்து வந்தது.

"அந்த ஓரத்துச் சனம் இந்தப் பக்கம் ஒதுங்கும்."

"அவ்வளவுதான். யாரும் சதி பண்ணல. ஆனா கூட்டம் சாயும். அதோட தீ நிலையா எரியாது, அலையும். கம்பியோட சூடும் சேர்ந்து அலையும். ஒரே சூட்டுக்குப் போட்ட பழைய கணக்குல முள் ஆறு கோட்டத் தாண்டுறது நூறு கோடியில ரெண்டு தடவை. சூடே நிலையில்லாத எடத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதுக்கு வேற கணக்கு இருக்கு. அதுல பத்தும் பதினொண்ணும் சாதாரணம்." அவன் தாளை மடித்தான். "அவன் சத்தமாப் பேசல மேடம். நீங்க தீ வச்சீங்க. கம்பி அலறுச்சு."

கல்பீடத்தில் கடைசி வில்லை அணைந்து கரும்புகை நூலாக எழுந்தது. பீடம் வடக்கே இருந்தது. பதினாறு வெள்ளங்களும் தெற்கே போயின.

அஞ்சலாட்சி சிரித்தாள். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் இலக்கணத்தில் இன்னொரு விதி சேர்த்திருப்பார்கள்.

"சூடமா? எங்க ஊரு முழுகுனது சூடத்துலயா? என் வீட்டுக்காரரு செத்தது..." அவள் நிறுத்திக்கொண்டாள். "ஏ பொட்டியம்மா. ஏதாச்சும் சொல்லேன். வாயில கொழுக்கட்டையா?"

"என் கைதாம்மா," என்றாள் மங்கையர்க்கரசி. "பதினாறும் என் கை. எங்கே யார் கையும் படக்கூடாதுன்னு காவல் இருந்தேனோ, அங்கேயே கை வச்சிருக்கேன். எழுதித் தர்றேன். சீட்டு முடிஞ்சதும் வெளியில வந்து உங்க சனத்துக்கு முன்னாடியே சொல்றேன்."

"சொல்லி? கெணத்துத் தண்ணி இனிக்குமா?" அஞ்சலாட்சி தட்டை எடுத்து, பெட்டியின் தென்புறம் கொண்டுபோய்க் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். "இந்தா. இன்னைக்கு இந்தப் பக்கம் ஏத்து. தண்ணி வடக்கே போவட்டும். பதினாறு தடவ நாங்க குடிச்சோம். ஒரு தடவ நீங்க குடிங்க."

நூருல் அமீன் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "நான் போயி டீ குடிச்சிட்டு வரட்டுமா? பத்து நிமிசம் ஆகும்."

"நீங்க எங்கயும் போக வேண்டாம் சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "தட்டைக் கீழ வைம்மா. தெரியாம வச்ச கைக்கே எனக்குக் கதி என்னன்னு தெரியல. தெரிஞ்சு வைக்க மாட்டேன். எந்தப் பக்கமும்."

"அப்படிச் சொல்லு. ஒன் சாமி முன்னாடி நீ சுத்தமா நிக்கணும். அதுக்கு எங்க ஊரு போனாலும் சரி."

அந்தச் சொல் மங்கையர்க்கரசியைத் தைத்தது. அஞ்சலாட்சி தட்டைத் தரையில் வீசினாள். பித்தளை கல்லில் மோதி நெடுநேரம் அதிர்ந்து ஓய்ந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்தத் தட்டு தரையைத் தொட்டது அன்றுதான். மங்கையர்க்கரசி குனிந்து எடுக்கவில்லை.

கதவுகளைத் திறந்துவிட்டு, இரண்டு வெப்பமானிகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும்வரை மூவரும் சுவரோரம் காத்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. மங்கையர்க்கரசி பெட்டியை நெருங்காமல், கையை நீட்டி விசையை மட்டும் அழுத்தினாள். அழுத்திய கையை உடனே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாவில் பதிகம் எழுந்தது, அதையும் அடக்கினாள்.

முள் வலப்பக்கம் நின்றது. இரண்டே கோடு.

வடக்கு.

"இவ்வளவுதானா?" என்றாள் அஞ்சலாட்சி. அவளுடைய முகத்தில் மகிழ்ச்சி இல்லை. நெருங்கிவந்து அந்த இரண்டு கோடுகளை உற்றுப் பார்த்தாள். "இது கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தா?"

"போயிருந்தா போயிருக்கும்," என்றான் நூருல் அமீன். "இருபது வருசத்துல தெரிஞ்சே யோக்கியமா எடுத்த சீட்டுன்னு எனக்குத் தோணுறது இது."

வடமதகின் சங்கு ஊதியதும் தடுப்புக்கு அப்பால் நின்ற தென்கரையார் படகேறத் தொடங்கினார்கள். அந்த ஒலியின் பொருளை வடகரை மறந்தே போயிருந்தது போலும். கால்மணி நேரம் அங்கிருந்து ஓர் அசைவும் இல்லை. பிறகு விசைப்படகுகள் வந்தன. வடகரை ஊர்க்குழுத் தலைவர் வைத்தியலிங்கம் வாசலில் நின்ற இரண்டு காவலர்களையும் தள்ளிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். எழுபது வயது. வெளுத்த வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால் நூறு பேர்.

"என்ன மங்கை, சொந்த ஊருக்கே வேட்டு வச்சிட்டியா?"

"சீட்டுங்க ஐயா. வடக்கு வந்திருக்கு."

"வரட்டும். வந்தா ஏத்துக்கிறதுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கோம்." அவர் மூக்கை உறிஞ்சினார். "கதவெல்லாம் விரியத் தொறந்து கெடக்கு. தட்டு தரையில கெடக்கு. ஏழாம் விதி ஞாபகம் இருக்குல்ல? சூடம் காட்டாத சீட்டு செல்லாது. நாலாவதுல போனாப் போவுதுன்னு விட்டோம். ஒம்பதாவதுல நனைஞ்சிடுச்சுன்னியே, அதுக்கும் விட்டோம். இனிமே விட மாட்டோம். காட்டலைன்னா சொல்லு. மதகை நிறுத்து. நான் இங்கயே நிக்கிறேன். என் கண்ணு முன்னாடி முறைப்படி காட்டி, மறுபடி எடு."

முறைப்படி என்றால் வலப்பக்கத்துப் பீடம். முறைப்படி என்றால் தெற்கு. உண்மையைச் சொன்னால் அவர் கேட்கப்போவது அதைத்தான். தீக்கும் முள்ளுக்கும் உள்ள உறவை இந்த வாசற்படியில், இந்தக் கூட்டத்தின் நடுவே, அலை ஏறுவதற்குள் அவருக்கு விளங்கவைக்க யாராலும் இயலாது. சூடம் பட்டால் சாமி பொய் சொல்லுமா என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

மங்கையர்க்கரசி உதடு பிரித்தாள். அதற்குள் அஞ்சலாட்சியின் குரல் வந்தது.

"காட்டுனாங்க. நான் பாத்தேன்."

வைத்தியலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சொல்லுவ. ஒனக்கென்ன? பாய், நீங்க சொல்லுங்க. கோர்ட்டு ஆளு நீங்க."

நூருல் அமீன் தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "பீடத்துல கை வச்சுப் பாருங்க. கரி இருக்கு. அஞ்சு வில்லை எரிஞ்சிருக்கு."

வைத்தியலிங்கம் உள்ளே வந்து பீடத்தைத் தடவினார். விரலில் கருமை ஒட்டியது, முகர்ந்து பார்த்தார். மணம் இருந்தது. பிறகு மங்கையர்க்கரசிக்கு நேரே வந்து நின்றார்.

"நீ ஓதாம ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதனால நீ சொல்லு, நான் நம்புறேன். சீட்டுக்குச் சூடம் காட்டினியா? தட்டு அதே எடத்துல, எப்பவும் போல?"

சொல்லளவில் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அன்று காலை அந்தப் பெட்டிக்கு முன் சூடம் எரிந்தது உண்மை. சீட்டுக்கு முன்பே எரிந்ததும் உண்மை. அந்த வழி அவள் கண்ணில் பட்டது. அதற்குள் நுழைந்து ஒளிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. பொய் சொல்வதானால் முழுப் பொய்யாகவே இருக்கட்டும். அதை யார் சொன்னார்கள் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது.

முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னே கொண்டுவந்தாள்.

"எப்பவும் போலத்தான் ஐயா."

அவர் திரும்பிக் கூட்டத்திடம் கத்தினார்: "சாமி சொல்லிடுச்சு! சட்டி பானைய ஏத்துங்கடா!"

கூட்டம் கலைந்து படகுகளை நோக்கி ஓடியது. நூருல் அமீன் நாற்காலியில் சாய்ந்தான்.

"புரியுதா மேடம்? அந்தப் பதினாறும் சூடத்தால சாஞ்சதுன்னு நீங்க இனி எழுத முடியாது. இன்னைக்கும் காட்டினேன்னு சத்தியம் பண்ணிட்டீங்க. அது கோணல்னா இதுவும் கோணல். நாளைக்கே இந்தச் சீட்ட அழிக்கச் சொல்லி வடகரைக்காரன் வழக்குப் போடுவான். இது நேர்னா அதுவும் நேர்."

"நீங்களாவது..."

"ஒரே ஒரு சீட்ட வச்சு எந்தக் கணக்கும் எதையும் நிரூபிக்காது. ரெண்டு கோடு. நான் என்னன்னு எழுதுவேன்? நானூத்தம்பதுல ஒண்ணு, நடக்கக்கூடியதுதான்னு எழுதுவேன். இந்தம்மா வழக்கு தள்ளுபடி ஆவும்." அவன் அஞ்சலாட்சியைப் பார்க்காமல் சொன்னான். "பரிந்துரைன்னு ஒரு வரி சேர்ப்பேன். கல்பீடத்தப் பெட்டிக்கு நேர் எதிரே மாத்தி வைக்கணும். காரணம் எழுத மாட்டேன். கம்பி எவ்வளவு சத்தமா வேணாலும் பேசட்டும். ஒரு பக்கமாச் சாயாமப் பேசினாப் போதும்."

அஞ்சலாட்சி வாசலை அடைந்திருந்தாள். கணவனின் சாவு இனி அரசுப் பதிவில் திருவுளமாகவே நிற்கும் என்பதை அவன் சொல்வதற்கு முன்பே அவள் விளங்கிக்கொண்டிருந்தாள். "காட்டுனாங்க" என்ற ஒரு சொல்லுக்கு அவள் கொடுத்த விலை அது.

மங்கையர்க்கரசி அவளை நோக்கி இரண்டடி எடுத்துவைத்தாள். "அஞ்சலாட்சி..."

"கிட்ட வராத. ஒன் சாமிக்காகவும் சொல்லல, ஒனக்காகவும் சொல்லல. நாளைக்கு எங்க கரையில அடுப்பு எரியணும், அதுக்குச் சொன்னேன்." படியிறங்கும்போது அவள் திரும்பினாள். "நீயும் அதுக்குத்தான் சொன்னன்னா, சரி. ஆனா மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

நூருல் அமீனும் போன பிறகு மண்டபத்தில் மங்கையர்க்கரசி மட்டும் எஞ்சினாள். பதிவேட்டைத் திறந்து இருபதாம் வரியில் எழுதினாள்: நண்பகல். வடக்கு. இரண்டு கோடு. கடைசிக் கட்டம் ஏழாம் விதிக்குரியது. மேலே பத்தொன்பது கட்டங்கள். பதினேழில் 'முறைப்படி' என்று அவளுடைய கையெழுத்து. மீதி இரண்டில் ஒன்றில் தீட்டு, ஒன்றில் மழை. அவள் பேனாவை ஊன்றி, மேலே இருந்த அதே சொல்லை, எழுத்துச் சிதறாமல் எழுதினாள்.

தரையில் கிடந்த தட்டை எடுத்துத் துடைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வடக்குச் சன்னலில் முதல் கல் விழுந்தது.